வேகம் ஏறாத பழைய ஜெட் ஸ்கி: ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

செல்ஃப் பட்டனைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. ஐட்லிங் சீராக நிற்கிறது. கரையோரமாக மெதுவாகப் போகும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. த்ராட்டிலை முழுக்க அழுத்தும்போதுதான் நோய் தெரிகிறது: ஒரு நொடி மூக்கைத் தூக்குகிறது, பிறகு திணறி அடங்கிவிடுகிறது. மீட்டர் முள் 4,500 ஆர்.பி.எம்-ஐத் தாண்டவில்லை. இந்த என்ஜினுக்குச் சர்வீஸ் புத்தகம் சொல்வது 6,900. அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் இன்னும் இறங்குகிறது. பாதிக்குத் தளர்த்தினால் கொஞ்சம் உயிர் வருகிறது.

கடைசியாகச் சொன்னது முக்கியமான தடயம். தளர்த்தினால் மீள்கிற என்ஜின் பெரும்பாலும் பெட்ரோல் போதாமல் தவிக்கிற என்ஜின். பாதித் த்ராட்டிலில் கேட்கிற அளவு வந்துசேர்கிறது, முழுத் த்ராட்டிலில் கேட்கிற அளவு வரவில்லை. ஆனால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது. அதனால் நான் வழக்கமாகப் போகும் வரிசையிலேயே போனேன்.

வண்டி 1990-களில் வந்த, இருவர் உட்காரும் மாடல். இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு மிகுனி (தயாரிப்பாளர் பெயர்) கார்புரேட்டர், ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழி இதழ்கள்), ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். பல கை மாறி வந்தது, இடையில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. 2002-இல் யமஹா எஃப்.எக்ஸ் 140 ஃபோர்-ஸ்ட்ரோக் என்ஜினோடு வந்த பிறகு சந்தை மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கார்புரேட்டர் தலைமுறை வண்டிகள் இன்னும் நிறையவே ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு அடிக்கடி வருகிற நோய் இது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இப்படித் திணறும்போது பலருடைய கை முதலில் போவது கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்கு. முழு வேகத்தில் போகும் பெட்ரோலின் அளவை வைக்கும் ஹை ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்துவிட்டால் ஓரளவு ஓடும், பிரச்சினை தீர்ந்ததாகவும் தோன்றும். அந்த ஸ்க்ரூவைத் தயவுசெய்து தொடாதீர்கள். தொழிற்சாலை வைத்த அளவில் முன்பு நன்றாக ஓடிய என்ஜின் அது. இன்று ஓடவில்லை என்றால் வேறு ஏதோ மாறியிருக்கிறது. மாறியதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருப்பினால் அறிகுறி மறையும், காரணம் உள்ளேயே இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அது விலை உயர்ந்த விளையாட்டு. உள்ளே வருகிற பெட்ரோல்தான் பிஸ்டனின் சூட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போகிறது. கலவை லீன் ஆனால், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் குறைந்தால், பிஸ்டன் தலை சூடேறி, எக்ஸாஸ்ட் பக்கம் உருகத் தொடங்கும், இல்லையென்றால் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிற வண்டி என்றால் இன்னும் மோசம்: பெட்ரோல் குறைந்தால் கூடவே ஆயிலும் குறையும். முழுத் த்ராட்டிலில் திணறுகிற வண்டியை "போகிறவரை போகட்டும்" என்று ஓட்டுவது பிஸ்டனுக்கு நாள் குறிப்பதுதான்.

பம்பா, என்ஜினா?

வேகம் வரவில்லை என்ற ஒரே புகாருக்குள் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கும். ஆர்.பி.எம் நன்றாக ஏறியும் வண்டி நகரவில்லை என்றால் என்ஜின் தன் வேலையைச் செய்கிறது. பின்னால் இருக்கும் ஜெட் பம்ப் தண்ணீரைப் பிடிக்கவில்லை. ஆர்.பி.எம் ஏறவே இல்லை என்றால் என்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் நிறையப் பேர். வண்டியில் டாக்கோமீட்டர் இல்லை அல்லது வேலை செய்யவில்லை என்றால், பிளக் வயரின் மேல் சுற்றிவிட்டால் போதும் என்கிற சிறிய டாக்கோமீட்டர்கள் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்காரருக்கு அதைவிட உபயோகமான மீட்டர் இல்லை.

என் வண்டியில் முள் ஏறவில்லை, ஆக என்ஜின். இருந்தாலும் டிரைலரில் ஏற்றியதும் கீழே படுத்து, இன்டேக் கிரேட் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். டிரைவ் ஷாஃப்டில் மீன்பிடி நரம்பு கொஞ்சம் சுற்றியிருந்தது. தண்ணீரைத் தள்ளும் சுழலியான இம்பெல்லரின் இறக்கைகளில், முன் விளிம்பில் சின்னச் சின்ன நசுங்கல்கள், அதைச் சுற்றியிருக்கும் வேர் ரிங்கில் வட்டமாக ஓடும் கீறல்கள். நரம்பை வெட்டி எடுத்தேன். மற்றவை இந்த அளவு திணறலுக்குக் காரணமாக இருக்க முடியாது என்பதால் அப்போதைக்குக் குறித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

கம்ப்ரஷன், தீப்பொறி

எதைத் தொடுவதற்கும் முன்னால் சீட்டைக் கழற்றி நன்றாகக் காற்றாட விட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய ஹல்லின் (வண்டி உடம்பின்) அடியில் போய்த் தேங்கி நிற்கும். மூக்கில் பெட்ரோல் வாசனை பட்டால் செல்ஃபைத் தொடாதீர்கள். தீயணைப்பான் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்க இரண்டு பிளக்குகளையும் கழற்றி, பிளக் வயர்களை என்ஜின் உடம்போடு எர்த் செய்துவிட வேண்டும். வயரை அந்தரத்தில் விட்டு செல்ஃப் அடித்தால் தீப்பொறியை உண்டாக்கும் சி.டி.ஐ பெட்டி போய்விடும் ஆபத்து உண்டு, ஆவிக்குத் தீப்பொறி கிடைக்கும் ஆபத்தும் உண்டு. த்ராட்டிலை முழுக்கத் திறந்து பிடித்து, கேஜ் முள் மேலே ஏறுவதை நிறுத்தும்வரை செல்ஃப் அடிக்க வேண்டும். முன் சிலிண்டர் 142 பி.எஸ்.ஐ, பின் சிலிண்டர் 138. கேஜுக்குக் கேஜ் எண் கொஞ்சம் மாறும். இரண்டு சிலிண்டருக்கும் நடுவே உள்ள வித்தியாசம்தான் அதிகம் பேசும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கார்புரேட்டரை மறந்துவிட்டு ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். இங்கே இரண்டும் ஆரோக்கியம். இவ்வளவு காலம் திணறியும் பிஸ்டன் தப்பித்திருக்கிறது என்று தெரிந்ததும் பெரிய நிம்மதி.

கழற்றிய பிளக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முன் பிளக்கின் பீங்கான் காய்ந்த பழுப்பு நிறம். பின் பிளக் வெளுத்துப் போயிருந்தது, சுண்ணாம்பு வெள்ளை என்றே சொல்லலாம். பின் சிலிண்டர் அதிகமாக லீன் ஓடுகிறது. இதையும் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் டேங்கிலிருந்து வரும் பொதுப் பாதையில் மட்டும் கோளாறு என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வெளுத்திருக்க வேண்டும்.

மின்சாரப் பக்கத்தில் அதிகம் இல்லை. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே போகவில்லை. எர்த் கேபிள் என்ஜினில் போல்ட் ஆகும் இடத்தில் பச்சை பூத்திருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து இறுக்கினேன். பிளக் கேப்களை வயரிலிருந்து மறைகழற்றுவதுபோல் சுற்றியே எடுக்கலாம். எடுத்துப் பார்த்தால் வயர் நுனியில் செம்பு கறுத்திருந்தது. கால் அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய செம்பில் திரும்பத் திருகினேன். டெஸ்டரில் இரண்டு பக்கமும் நீலமாக, கொழுத்த பொறி. புதிய பிளக் போட்டு ஓட்டிப் பார்த்தபோது நோயில் எந்த மாற்றமும் இல்லை. தீப்பொறி மீது சந்தேகம் அதோடு முடிந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைத் தரையில் வைத்து, ஹோஸில் தண்ணீர் கொடுத்து ஓட்டிப் பார்ப்பது ஸ்டார்ட் ஆகிறதா, ஐட்லிங் நிற்கிறதா என்று பார்க்க மட்டும்தான் உதவும். பம்பில் தண்ணீர் இல்லாதபோது என்ஜினுக்குச் சுமையே கிடையாது, தொட்டாலே ஆர்.பி.எம் ஏறிவிடும். முழுத் த்ராட்டில் நோய் தரையில் தெரியாது. அப்படி ஓட்டும்போதும் வரிசை தவறக் கூடாது: முதலில் என்ஜின், பிறகு தண்ணீர், நிறுத்தும்போது முதலில் தண்ணீர், பிறகு என்ஜின். என்ஜின் ஓடாதபோது தண்ணீர் திறந்திருந்தால் அது எக்ஸாஸ்ட் வழியாக ஏறிச் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். டிரைவ் ஷாஃப்ட் சீலுக்கு இந்த ஹோஸ் தண்ணீர் போவதில்லை என்பதால் அதிக நேரம் ஓட்டவும் கூடாது.

பெட்ரோல் வரும் பாதை

இந்த வண்டிகளில் மின்சார பெட்ரோல் பம்ப் கிடையாது. என்ஜின் சுற்றும்போது பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பு ஒரு சிறிய பல்ஸ் ஹோஸ் வழியாக வந்து, கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் ஒரு மெல்லிய டயாஃப்ரத்தை (சவ்வை) ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் பம்ப். அதுதான் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி மேலே கொண்டுவருகிறது. என் வண்டியில் முன் கார்புரேட்டரில் மட்டும் பம்ப். அங்கிருந்து ஒரு குட்டி ஹோஸ் வழியாகப் பின் கார்புரேட்டருக்குப் போகிறது. மிச்சம் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பிவிடுகிறது.

பம்புக்கு முன்னால் இருக்கும் எல்லாமே, அதாவது டேங்கின் உள்குழாய், மெயின்-ரிசர்வ் திருகு வால்வு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கிண்ணம், இவற்றை இணைக்கும் ஹோஸ்கள், உறிஞ்சலில் வேலை செய்கின்றன. அழுத்தத்தில் இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒழுகும், நாறும், கண்ணுக்குத் தெரியும். உறிஞ்சலில் இருக்கும் குழாயில் ஓட்டை விழுந்தால் ஒரு துளியும் வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஹோஸ் எல்லாம் காய்ந்து சுத்தமாக இருக்கிறது, ஒழுகல் இல்லை, ஆகவே பெட்ரோல் லைன் நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்வது இந்த வண்டிகளில் செல்லாது. இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டேங்க் மூச்சு விடுகிறதா என்று பார்த்தேன். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வென்ட் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வு அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் ஏறி, கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திணறத் தொடங்கும். திணறும்போது மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று காற்றை இழுக்கும் சத்தம் கேட்கும். இங்கே சத்தம் இல்லை. மூடியைத் தளர்த்தி ஓட்டியும் அதே 4,500.

அடுத்தது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. வண்டியின் டேங்க், வால்வு, ஃபில்டர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, ஒரு சிறிய மரைன் டேங்கிலிருந்து புது ஹோஸில் நேராகப் பம்புக்குப் பெட்ரோல் கொடுப்பது. ரிட்டர்ன் ஹோஸும் அதே டேங்குக்கே திரும்ப வேண்டும். டேங்க் ஆடாமல் கட்டப்பட்டிருக்க வேண்டும், ஹோஸ் ஒவ்வொன்றிலும் கிளாம்ப் இருக்க வேண்டும். பெட்ரோல் ஹல்லுக்குள் சிந்தினால் அத்தோடு சோதனையை நிறுத்திவிட வேண்டும். இப்படிக் கட்டி ஓட்டினால் முள் 6,000-ஐத் தாண்டியது! ஆனால் 6,900 வரவில்லை. 6,100 பக்கத்தில் நின்று கரகரத்தது.

இந்த 6,100-ஐ நான் முக்கியமாக நினைக்கிறேன். கோளாறு ஒன்று என்றால் சோதனை முழுதாகக் குணமாக்கியிருக்கும், அல்லது ஒன்றுமே செய்திருக்காது. பாதி குணமானது என்றால் கோளாறு இரண்டு: பம்புக்கு முன்னால் ஒன்று, பம்பிலோ அதற்குப் பின்னாலோ இன்னொன்று. வெளுத்த பின் பிளக் அந்த இரண்டாவதைத்தான் முன்பே சுட்டிக்காட்டியிருக்கிறது.

பம்புக்கு முன்னால் உள்ளதைப் பிடிக்க, பழைய பாதையைத் திரும்ப இணைத்து, பம்பின் வாயருகே ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் பெட்ரோல் ஹோஸைச் செருகினேன். டிரைலரோடு சேர்த்துக் கட்டிய நிலையில், அடியில் மூன்றடிக்குக் குறையாத தண்ணீரில் இறக்கி ஓட்டினோம். ஆழம் குறைந்தால் பம்ப் மணலையும் கூழாங்கல்லையும் உறிஞ்சிவிடும். நண்பர் த்ராட்டிலைப் பிடித்தார், நான் ஹோஸைப் பார்த்தேன். ஐட்லிங்கில் ஹோஸ் முழுக்கப் பெட்ரோல், அசையாமல். த்ராட்டில் ஏற ஏற முதலில் குண்டூசித் தலை அளவில் குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக. இன்னும் ஏற்றியதும் குமிழிகள் சேர்ந்து நீள நீளமான காற்றுத் துண்டுகளாகப் பம்புக்குள் போயின. பெட்ரோல், காற்று, பெட்ரோல், காற்று. பாதித் த்ராட்டிலுக்கு இறக்கியதும் துண்டுகள் சுருங்கித் திரும்பக் குமிழிகள் ஆயின. என்ஜின் ஏன் தளர்த்தினால் மீள்கிறது என்பது அந்த ஒரு சாண் ஹோஸில் அப்படியே தெரிந்தது.

எங்கிருந்து காற்று? என்ஜினை நிறுத்தி, டேங்கின் வென்ட் வழியாகக் கைப்பம்பில் மிகக் குறைந்த அழுத்தம் ஏற்றினேன். 5 பி.எஸ்.ஐ-க்கு மேல் போகக் கூடாது, டேங்க் பிளாஸ்டிக். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டே வந்தேன். ஃபில்டர் கிண்ணம் தலையோடு திருகும் இடத்தில் பொடிப்பொடியாக நுரை. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி, கிள்ளியதுபோல் ஒரு வெட்டு. கிண்ணத்தை ஒரு கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைத்தேன். அடியில் தண்ணீர் தனியாக, மேலே பெட்ரோல் தனியாகப் பிரிந்து நின்றது. பழைய பெட்ரோல் முழுவதையும் வெளியேற்றினேன். மெயின்-ரிசர்வ் வால்வின் தண்டிலும் லேசாக நுரை வந்தது, அதையும் மாற்றிவிட்டேன். முப்பது வருடத்தை நெருங்குகிற ரப்பரை நம்ப எனக்கு மனமில்லை.

ஹோஸ்களை வெட்டி எடுத்தபோது இரண்டாவது கோளாறின் ஊற்றும் தெரிந்தது. வெளியே பார்க்க உறுதியாக இருந்த ஹோஸ், உள்ளே விரலை விட்டால் வழவழவென்று பச்சைப் பசை. உள்சுவர் கரைந்து வந்துகொண்டே இருந்திருக்கிறது. ஃபில்டரைத் தாண்டியும் ஹோஸ் இருக்கிறதல்லவா. அந்தத் துண்டில் கரைந்த பசை நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போக வேண்டும். பெட்ரோல் ஹோஸ், ரிட்டர்ன் ஹோஸ், பல்ஸ் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாக, பெட்ரோலுக்கென்றே செய்த ஹோஸில் போட்டேன். பல்ஸ் ஹோஸ் சுவர் தடித்ததாக இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் துடிப்பை ஹோஸே வாங்கிக்கொள்ளும், பம்புக்குப் போய்ச் சேராது. ரப்பரைக் கடிக்கிற மறை கிளாம்ப் வேண்டாம். உட்புறம் வழவழப்பான கிளாம்ப் போடுங்கள்.

கார்புரேட்டர்

இரண்டையும் கழற்றினேன். மேல்மூடிகளின் ஸ்க்ரூ பார்க்கச் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ மாதிரி இருக்கும், ஆனால் ஜப்பானிய ஜே.ஐ.எஸ் வகை. சாதாரண டிரைவர் அதில் சரியாக உட்காராமல் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜே.ஐ.எஸ் டிரைவர் ஒன்று வாங்கிவிட்டு ஆரம்பியுங்கள்.

மிகுனியின் உள்ளே, பெட்ரோல் நீடில் வால்வுக்குப் போகும் வழியில், சுண்டு விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு வலை ஃபில்டர் இருக்கிறது. வெளியே இருந்து தெரியாது என்பதால் பலர் அப்படி ஒன்று இருப்பதே அறியாமல் விட்டுவிடுகிறார்கள். முன் கார்புரேட்டரில் அது ஓரங்களில் பச்சை படிந்து, நடுவில் திறந்திருந்தது. பின் கார்புரேட்டரில் முழுக்க மூடி, நடுவே ஊசி முனை அளவுக்கு ஒரு பொத்தல் மட்டும். ஐட்லிங்குக்கு அது போதும். முழுத் த்ராட்டிலுக்கு எப்படிப் போதும்? பின் பிளக் வெளுத்ததற்கும், தனி டேங்கில் ஓட்டியும் 6,100-இல் நின்றதற்கும் இதுதான் காரணம்.

பம்ப் டயாஃப்ரங்கள் காய்ந்த இலைபோல் விறைத்திருந்தன. மடக்கினால் மடிப்புக் கோடு அப்படியே நின்றது. பம்புக்குள் இருக்கும் மெல்லிய மடல் வால்வுகளில் ஒன்று நுனியில் சுருண்டிருந்தது. மடல் முழுதாக மூடாவிட்டால் பம்ப் மேலே தள்ளியதில் ஒரு பங்கு திரும்பி வந்துவிடும்.

சுத்தம் செய்யும்போது ஜெட்டுகளில் கம்பி நுழைக்கக் கூடாது. அது பித்தளை, ஒரு கீறல் விழுந்தாலும் அளவு மாறிவிடும். கிளீனர், காற்று, திரும்பக் கிளீனர். த்ராட்டில் தட்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் பொடித் துளைகள் எல்லாவற்றிலிருந்தும் கிளீனர் தனித்தனி நூலாகப் பீய்ச்சுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்று அடைத்திருந்தாலும் ஐட்லிங்கிலிருந்து ஏறும் இடத்தில் தடுக்கும். ஸ்க்ரூக்களைக் கழற்றுவதற்கு முன், முழுக்க மூடும்வரை எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவைத்தேன். புத்தகத்தோடு ஒப்பிட்டால் பின் கார்புரேட்டரின் ஹை ஸ்பீடு ஸ்க்ரூவை யாரோ ஏற்கெனவே நிறையத் திறந்து வைத்திருக்கிறார்கள். அடைப்பை ஸ்க்ரூவால் சமாளிக்கப் பார்த்திருக்கிறார்கள். அடைப்பை எடுத்துவிட்டு அதே இடத்தில் விட்டிருந்தால் இப்போது ரிச் ஆகி, அதாவது பெட்ரோல் கூடிப்போய், மூச்சு முட்டியிருக்கும். இரண்டையும் புத்தக அளவுக்குக் கொண்டுவந்தேன்.

கார்புரேட்டருக்கான மாற்றுப் பாகங்களின் கிட் வாங்குவதில் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. அசல் மிகுனி கிட்டில் உள்ளதுபோல் நீடில் நுனியின் ரப்பர் சரியாக இருந்தால்தான் பாப்-ஆஃப் அழுத்தம் சரியாக வரும். நீடில் எந்த அழுத்தத்தில் திறந்து பெட்ரோலை விடுகிறது என்பதே பாப்-ஆஃப். நீடில் உட்காரும் சீட்டின் அளவும் நீடில் லீவரின் அடியில் உள்ள ஸ்பிரிங்கும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. நீடிலைக் கொஞ்சம் நனைத்துக்கொண்டு கைப்பம்பும் கேஜும் வைத்து ஏற்றிப் பார்த்தேன். இரண்டும் புத்தக வரம்புக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமான அழுத்தத்தில் 'பட்' என்று திறந்தன. திறப்பதற்குச் சற்றுக் கீழே நிறுத்தி ஒரு நிமிடம் வைத்தால் முள் அசையக் கூடாது, அசையவில்லை. ஸ்பிரிங்கை இழுத்தோ வெட்டியோ சரிசெய்யும் பழக்கம் சிலருக்கு உண்டு. பிடிக்காத எண் வந்தால் சரியான ஸ்பிரிங்கை வாங்கிப் போடுவதே வழி. ரிட்டர்ன் பாதையில் இருக்கும் குட்டி ஜெட் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது காணாமல் போயிருந்தால் பெட்ரோல் கார்புரேட்டருக்குப் போவதற்குப் பதிலாகச் சுலபமான வழியில் டேங்குக்கே ஓடிவிடும்.

கார்புரேட்டர்கள் வெளியே இருக்கும்போதே ரீட் வால்வு இதழ்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனி உடையவில்லை, இடைவெளி தெரியவில்லை. பின் சிலிண்டர் லீன் ஆவதற்குக் கிராங்க் சீல் வழியாகக் காற்று நுழைவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதால், இன்டேக், எக்ஸாஸ்ட் வாய்களை ரப்பர் வைத்து அடைத்து, கிராங்க் கேஸில் 7 பி.எஸ்.ஐ ஏற்றி நிறுத்தினேன். முள் நகரவில்லை. இந்தச் சோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், சலிப்பான வேலைதான். ஆனால் சீல் போன என்ஜினில் எவ்வளவு நல்ல கார்புரேட்டரை மாட்டினாலும் பிஸ்டன் தப்பாது.

திரும்ப மாட்டும்போது இரண்டு த்ராட்டில் தட்டுகளும் ஒரே நேரத்தில் திறக்கின்றனவா, முழுக்க அழுத்தினால் இரண்டும் முழுக்கத் திறக்கின்றனவா என்று கையால் ஆட்டிப் பார்த்து சின்க் செய்தேன். ஆயில் பம்பின் கேபிள் குறியும் த்ராட்டிலோடு சேர்ந்து நகர வேண்டும். கேபிளைத் தொட்ட பிறகு அந்தக் குறியைப் பார்க்காமல் விடக் கூடாது. ஆயில் ஹோஸில் இருந்த காற்றை வெளியேற்றினேன். அப்படியும், முதல் டேங்குக்கு மட்டும் பெட்ரோலிலும் 50:1 கணக்கில் ஆயில் கலந்தேன். ஆயில் பம்ப் ஒழுங்காக இறைக்கிறது என்று ஆயில் டேங்கின் மட்டம் குறைவதைப் பார்த்து உறுதி செய்யும்வரை அது ஒரு காப்பு. புகை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

தண்ணீரில்

முதலில் கால் த்ராட்டிலில் சூடேற்றி, பிறகு பாதி, பிறகு சிறுசிறு நேரத்துக்கு முழுசு. கண்ணாடி ஹோஸை இன்னும் எடுக்கவில்லை; கரைக்கு வந்து டிரைலரில் கட்டி ஓட்டிப் பார்த்தபோது முழுத் த்ராட்டிலிலும் ஒரு குமிழி இல்லை. அதன் பிறகே அதை எடுத்துவிட்டு நல்ல ஹோஸைப் போட்டேன். அந்த வகை ஹோஸ் நாளடைவில் விறைத்துவிடும், நிரந்தரமாக விடக் கூடாது.

திறந்த நீரில் முள் 6,850. நின்றது, இறங்கவில்லை.

பிளக் பார்ப்பதற்கு முழுத் த்ராட்டிலில் கொஞ்ச நேரம் ஓட்டி, அப்படியே என்ஜினை அணைக்க வேண்டும். மெதுவாக ஐட்லிங்குக்குக் கொண்டுவந்து அணைத்தால் பிளக் ஐட்லிங்கின் கதையைத்தான் சொல்லும். இதில் ஒரு ஆபத்து உண்டு: ஜெட் வண்டியில் தண்ணீர் பீய்ச்சுவது நின்றால் திருப்பும் சக்தியும் போய்விடும். ஹேண்டிலை எப்படித் திருப்பினாலும் நேராகத்தான் போகும். எதிரில் ஆள், படகு, கரை எதுவும் இல்லாத விரிந்த நீரில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். லைஃப் ஜாக்கெட்டும், ஆள் விழுந்தால் என்ஜினை அணைக்கும் கயிறான லேன்யார்டும் மாட்டியிருக்க வேண்டும். கழற்றிப் பார்த்த பிளக்குகள் இரண்டும் இப்போது ஒரே பழுப்பு. டார்ச் அடித்துப் பார்த்தால் பின் பிஸ்டன் தலையிலும் கரி சீராகப் படியத் தொடங்கியிருக்கிறது.

என்ஜின் தேறியதும் பம்பின் குறை வெளியே வந்துவிட்டது. நின்ற இடத்திலிருந்து சட்டென்று முழுத் த்ராட்டில் கொடுத்தால் முள் துள்ளி மேலே போகிறது, வண்டி ஒரு நொடி கழித்துத்தான் பின்தொடர்கிறது. முன்பு என்ஜினிடம் அவ்வளவு பலம் இல்லாததால் இது தெரியவே இல்லை. இப்போது ஆர்.பி.எம் ஏறுகிறது, பிடிப்புதான் இல்லை. ஆகவே இது பம்ப். ஃபீலர் கேஜை விட்டு இம்பெல்லருக்கும் வேர் ரிங்குக்கும் நடுவே அளந்தேன். ஒரு பக்கம் இடைவெளி கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர். நல்ல பம்பில் அது அதில் பாதிகூட இருக்காது. வேர் ரிங்குக்குச் சொல்லியாகிவிட்டது. இம்பெல்லரின் நசுங்கல்களை அரத்தால் நேராக்கி வைத்திருக்கிறேன். பம்பைக் கழற்றும்போது பேரிங்கையும் அதன் ஆயிலையும் பார்த்துவிட்டு, ஹல்லோடு பம்ப் சேரும் இடத்தின் சீலையும் புதிதாகப் போட்டுவிடுவேன்.